ஜன்னல் இல்லாத ஐந்து இரவு

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்தே காற்று. மாடியில் காயப் போட்ட துணியெல்லாம் புழுதி. மறுபடி அலசிப் போட்டேன்.

ஓய்வு பெற்றுப் பதினாறாவது நாள். 7.10 கழுகுமலை பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. முப்பத்தோரு வருஷம் அதில்தான் பள்ளிக்கூடம் போனேன். இன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிவு. பி.பி. மாத்திரை. பென்ஷன் பேப்பருக்குப் போட்டோ இரண்டு. கப்பல்.

கப்பல் விஷயத்தை இவரிடம் சொல்லியாகிவிட்டது. முன்னறைக் கடையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சென்னையில இருந்து இலங்கைக்கு ஒரு கப்பல் போவுதாம். நாம போவோம்."

"நான் வரல."

"ஏன்?"

"பாத்தாச்சு."

"நீங்க பாத்தது அழுக்குத் துணிங்க."

அடுத்த சட்டையை எடுத்து உதறினார். அவ்வளவுதான் பேச்சு.

பத்தொன்பது வருஷம் வெளிநாட்டுப் பயணிகள் கப்பலில் லாண்டரி வேலை பார்த்த மனுஷன். ஒன்பது மாசம் கப்பல், இரண்டு மாசம் வீடு. ஒரேயடியாகத் திரும்பி வந்து எட்டு வருஷம். கப்பல் எப்படி இருக்கும் என்று கேட்டால், "பெருசா இருக்கும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவர் வராவிட்டாலும் நான் போவேன். இதைப் பேனாவால் எழுதிவைக்கிறேன்.


ஜூன் 18, புதன்

வெயில். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸுக்குப் போனேன். அங்கே இருக்கும் கலா என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். எழுந்து நின்றுவிட்டாள். உட்காரவைக்கப் பெரும்பாடு.

இரண்டு பயணம் காட்டினாள். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1. மூன்று இரவு. பால்கனி ரூம். இலங்கையில் ஒரு ஊர்.
2. ஐந்து இரவு. உள் ரூம். ஜன்னல் கிடையாது. இலங்கையில் மூன்று ஊர்.

"பால்கனி எடுத்துக்கோங்க டீச்சர். கட்டில்ல படுத்துக்கிட்டே கடலப் பாக்கலாம். எல்லாரும் போட்டோ அங்கனதான் எடுக்காங்க."

"அந்த உள் ரூம் எப்படிம்மா இருக்கும்?"

"ரூம் நல்லாத்தான் இருக்கும். ஆனா லைட்ட அணைச்சா பகலா ராத்திரியான்னு தெரியாது டீச்சர். மேல டெக்கு எல்லாருக்கும் பொது, எப்பவேணா போகலாம்."

சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஒரு ரூமுக்கு இரண்டு பேர்.

செண்பகம் டீச்சருக்கு போன் போட்டேன். பக்கத்து வகுப்பறையில் இருபது வருஷம் இருந்தவர். கணவர் இல்லை. பிள்ளைகள் பெங்களூரில். பால்கனி என்றதும் "நான் ரெடி" என்றார். உள் ரூம் என்றதும் குரல் இறங்கிவிட்டது.

"டீச்சர், எங்க அப்பா நாகலாபுரத்துக் காட்டுல ஆட்டுக் கிடையோட கெடந்த ஆளு. நாங்களும் கூடவே கெடந்து வளந்தோம். எனக்கு இன்னைக்கும் கதவப் பூட்டினா தூக்கம் வராது. ஜன்னல் இல்லன்னா நான் செத்தே போவேன்."

மகள் ரஹ்மத்தும் போனில் பால்கனி என்றுதான் சொல்கிறாள். "உம்மா, ஒரு தடவதான் போறீங்க, நல்லா போங்க."

எல்லோரும் பால்கனி. எனக்கு ஐந்து இரவில்தான் மனசு நிற்கிறது. மூன்று இரவில் ஏறின களைப்பு தீர்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

கேஸ் பதிவு ஆயிற்று. மாத்திரை மறந்துவிட்டேன்.


ஜூன் 20, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, சாளை மீன் வறுவல். நன்றாக வந்திருந்தது.

மாலை மாடியிலிருந்து இறங்கி வரும்போது கடையில் அவர் குரல். எதிர்வீட்டு லாரிக்கார அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போவட்டும் அண்ணாச்சி, நான் வேண்டாங்கல. ஆனா ஜன்னல் இல்லாத ரூம்ல மட்டும் அவளப் போவ விடமாட்டேன்."

படியிலேயே நின்றுவிட்டேன். ரூமைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கலா கொடுத்த காகிதத்தை எடுத்துப் படித்திருக்கிறார்.

அண்ணாச்சி போனபிறகு நேராகப் போய்க் கேட்டேன். "ஜன்னல் இல்லாட்டி என்ன?"

தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு பேசினார். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசிக் கேட்டதில்லை. மறக்குமுன் அப்படியே எழுதுகிறேன்.

"பத்தொம்பது வருஷமும் ஜன்னல் இல்லாத ரூம்தான். நானும் ஒரு பிலிப்பைன்ஸ்காரனும். தண்ணி மட்டத்துக்குக் கீழ. அவன் வேலைக்குப் போவும்போது நான் வந்து படுப்பேன். வெளிய மழையா வெயிலான்னு மேல இருந்து வார துண்டுதான் சொல்லும். ஈரமா வந்தா வெயிலு, எல்லாரும் நீச்சல் குளத்துல குளிக்காங்கன்னு அர்த்தம். பாசஞ்சர் டெக்குக்கு நாங்க ஏறக்கூடாது. எங்களுக்குன்னு ஒரு துண்டு எடம் உண்டு. டியூட்டி முடிஞ்சாத்தான் போவலாம்.

"எங்க உம்மா மவுத்தாப் போன சேதி அங்கனதான் வந்துச்சு. ஆபீசுல கூப்ட்டுச் சொன்னாங்க. டியூட்டி முடிய இன்னும் ஏழு மணி நேரம். ரூமுக்குப் போனா அவன் தூங்குதான். அழ எடம் இல்ல. பெரிய மெஷின் மூணையும் ஓட விட்டுட்டு, அந்தச் சத்தத்துக்குள்ள நின்னு அழுதேன்."

நான் கேட்டேன். "அன்னைக்கு என்கூட போன்ல பேசினீங்களே?"

"பேசினேன். நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

எனக்கு அந்த போன் ஞாபகம் இருக்கிறது. பதினான்கு வருஷம். மய்யத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று சாயங்காலம். வீடு நிறைய ஆட்கள். நான் அழுதுகொண்டே சொல்ல, அந்தப் பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரே நிதானமான குரல். "சரி. சரி. நான் நல்லா இருக்கேன். நீ பாத்துக்கோ." பெற்ற தாய்க்குக்கூட அழாத மனுஷன் என்று அன்று முடிவு கட்டினேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், துணி அடுக்கியிருக்கிறேன், சேர்ந்து மக்காவுக்கு உம்ராகூடப் போய் வந்திருக்கிறேன். உள்ளுக்குள் அந்த முடிவு அப்படியே இருந்தது.

பதினான்கு வருஷம் தப்பாக நினைத்திருக்கிறேன்.

அவரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.


ஜூன் 21, சனி

காற்று இன்னும் விடவில்லை. கண்ணெல்லாம் மண்.

முடிவு எடுத்தாயிற்று. காரணங்கள், எனக்காக:

பால்கனி என்றால் அவர் ரூமை விட்டு வரமாட்டார். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உள் ரூம் என்றால் மூச்சு வாங்க மேலே ஏறியே ஆகவேண்டும். மேலேதான் அவர் ஏறாத இடம்.

மூன்று நாளில் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஐந்து நாள் வேண்டும்.

இன்னொன்று. அவர் இருந்தமாதிரி ஒரு ரூமை நான் பார்க்க வேண்டும். 

செண்பகம் டீச்சரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப அவியளக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். அதான் சரி."

டிராவல்ஸில் இரண்டாவது பெயர் கேட்டாள் கலா. காதர் மைதீன் என்று எழுதினேன். உம்ராவுக்கு எடுத்த பாஸ்போர்ட் இரண்டும் பையிலேயே வைத்திருந்தேன். ஐந்து இரவு. உள் ரூம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"யாரக் கேட்டு என் பேரக் குடுத்த?"

"யாரையும் கேக்கல."

"அந்தப் பொந்துக்குள்ள மறுபடி என்னைப் போவச் சொல்லுதியா?"

"பத்தொம்பது வருஷம் என்னைக் கேட்டா போனீங்க?"

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்களுக்காகத்தானே போனார். ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உள்ள விஷயத்தைச் சொன்னேன்: "ஜன்னல் இல்லாததா உங்களுக்குக் கஷ்டம்? மேல போவ விடாததுதாங்க கஷ்டம். இப்ப எவன் தடுப்பான்?"

கடை ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே போய்விட்டார். பள்ளிவாசல் பக்கம் இருப்பார். இருக்கட்டும்.


ஜூன் 25, புதன்

நாலு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. "உப்பு", "சாவி", "கரண்டு போச்சு" மட்டும்.

பென்ஷன் போட்டோவில் நான் திருடி மாதிரி இருக்கிறேன்.

ரஹ்மத் போனில், "வாப்பாவைக் கட்டாயப்படுத்தாதீங்க உம்மா" என்றாள். கட்டாயப்படுத்தத்தான் போகிறேன் என்றேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எந்த டெக்கு?"

"அஞ்சாவதுன்னு போட்டிருக்கு."

இடது கை விரலை மடக்கி எண்ணினார்.

"அஞ்சுன்னா தண்ணிக்கு மேலதான்."

ரசம் ஊற்றச் சொன்னார். இரண்டு கரண்டி ஊற்றினேன். எனக்கு இது போதும்.


ஜூலை 28, திங்கள். கப்பல்

ராத்திரி ரயிலில் இடுப்பு போய்விட்டது. சென்னையில் ஒரே புழுக்கம்.

துறைமுகத்தில் இரண்டு வரிசை. பயணிகளுக்கு ஒன்று, கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் நேராக வேலைக்காரர்கள் வரிசையில் போய் நின்றுவிட்டார். நான் போய்க் கையைப் பிடித்தேன். தன்னை நினைத்தே சிரித்துக்கொண்டார்.

கப்பல்: பெரிசு. அவர் சொன்னது சரிதான். கழுகுமலைக் குன்றில் பாதியைச் செதுக்கி மிதக்க விட்டமாதிரி.

ரூம்: கட்டில் இரண்டு, கண்ணாடி, சின்ன மேஜை. சுவரில் திரை தொங்குகிறது. விலக்கினால் வெறும் சுவர். எதற்குத் திரை மாட்டினார்களோ.

அவர் முதல் வேலையாகப் படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "மடிப்பு சரியில்ல." பிரித்து மறுபடி விரித்தார். 

பத்து நிமிஷத்துக்கு மேல் ரூமில் இருக்க முடியவில்லை அவருக்கு. மேலே போனோம். டெக்குக்குப் போகும் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அவர் தாண்டவில்லை. கதவு மூடியது. திறந்தது. பின்னால் வந்த குடும்பம், "எக்ஸ்க்யூஸ் மீ அங்கிள்" என்றது.

"வாங்க" என்றேன்.

தாண்டினார். 

கடலைப் பற்றி எழுதத் தெரியவில்லை. நம் ஊர் கரிசல் காட்டை மழைக்குப் பிறகு பார்த்தால் எதுவரை போகிறது என்று தெரியாதே, அந்தமாதிரி. ஆனால் அசைகிறது.


ஜூலை 29, செவ்வாய்

நல்ல காற்று, உப்புக் காற்று. கறி ஹலாலோ என்னவோ, வேண்டாம் என்று மீனும் தயிர்ச்சோறும். லிப்டில் ஒரு அம்மா யாரிடமோ: "பால்கனி போட்டோம், வெயில்ல உக்கார முடியல, கதவ மூடியே வச்சிருக்கோம்."

சாப்பாட்டு ஹாலுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. ஊழியர்கள் மட்டும். அதைத் தாண்டும்போதெல்லாம் இவர் நடை தளர்கிறது. இன்று அதிலிருந்து ஒரு ஆள் துண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இவர் தமிழில் கேட்டார்.

"எந்த ஊரு?"

"நாகர்கோவில் பக்கம் அண்ணாச்சி."

"கீழ எத்தன பேரு ரூம்ல?"

அந்த ஆள் இவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார். "நாலு பேரு. அண்ணாச்சி கப்பல் லைன்ல இருந்தீங்களோ?"

"லாண்டரி. வீட்டுக்குப் பேசினியா?"

"நேத்துப் பேசினேன். நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"நல்லா இல்லாத அன்னைக்கு நல்லா இல்லன்னே சொல்லு, என்ன?"

அந்த ஆள் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். 

பிறகு மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன். மாமி இறந்த அன்று போனில் அவர் பேசியதைக் கேட்டு என்ன நினைத்தேன் என்று. எத்தனை வருஷம் அதையே நினைத்திருந்தேன் என்று. எல்லாம்.

நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அடுத்த தடவ லீவுல வந்தப்ப நீ என் முகத்தப் பாத்தே பேசல."

மன்னிப்புக் கேட்டேன். கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.


ஜூலை 31, வியாழன்

நேற்றோடு இரண்டு ஊர் பார்த்தாயிற்று. இன்று ஊர் எதுவும் இல்லை, முழுநாளும் கடல். வெயில் நன்றாக அடிக்கிறது.

பதினொன்றரை மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு ரூமுக்கு இறங்கினேன். தலைவலி இல்லை. கதவைச் சாத்தினேன். லைட் எல்லாம் அணைத்தேன். போனையும் கவிழ்த்து வைத்தேன்.

கையை முகத்துக்கு நேரே பிடித்தேன். தெரியவில்லை. தரைக்குக் கீழே எங்கோ ஒரு உறுமல், நிற்காமல். ஏசிக் காற்று. நாம் போகிறோமா நிற்கிறோமா தெரியவில்லை. ஊர் எந்தத் திசை என்றும் தெரியவில்லை. முதலில் ரஹ்மத்தை நினைத்தேன். பிறகு என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஓதினேன். ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முடியவில்லை. தடவித் தடவிப் போய்க் கதவைத் திறந்தேன்.

வராந்தாவில், சுவரில் சாய்ந்து, அவர் நின்றுகொண்டிருந்தார்.

"இங்கன எவ்வளவு நேரமா நிக்கீங்க?"

"நீ உள்ள போனதுல இருந்து."

மணி பார்த்தேன். இருபத்திரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"உள்ள வந்திருக்கலாமே?"

"நீ தனியாப் பாக்கணும்னு நெனச்ச. பாத்துட்டு வரட்டும்னு நின்னேன்" என்றார். என் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டார். "வா, மேல போவோம். அங்கன நெழல்ல காலைலயே ரெண்டு நாற்காலி புடிச்சு, துண்டு போட்டு வச்சிருக்கேன்."