செல்வியின் மருந்து இருந்த அலமாரி

வில்லாபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். இன்று காலை பேத்திக்குச் சளி மருந்து ஊற்றப் புட்டியைத் திறந்தேன். ஆரஞ்சு மிட்டாயும் ஸ்பிரிட்டும் கலந்தது போன்ற அந்த வாசனை! ஸ்பூனைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "என்னம்மா, அப்படியே நின்னுட்ட?" என்றாள் மகள். உன்னை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் அவளுக்கு யாரென்று தெரியாது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருமங்கலத்துக்கும் கப்பலூருக்கும் நடுவில் இருந்த அந்த ஒற்றை அறைப் பால்வாடிக்கு நான் டீச்சர், நீ ஆயா. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நான் உன்னை "நீ" என்றேன், நீ என்னை "நீங்க" என்றாய். நான் நிலபுலன் உள்ள சம்சாரி வீட்டுப் பெண், நீ காலனியிலிருந்து வந்தவள். அதில் பேச ஏதாவது இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

செல்விக்கு நாலு வயது. அவள் அம்மா கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒருநாள் காலையில் மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "புள்ளைக்கு மூச்சு இழுத்துச்சுன்னா ஒடனே அர ஸ்பூன் குடுக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு. நான் வர்ற வரைக்கும் தாங்காது டீச்சர்." அதை ஒரு காகிதத்தில் எழுதிப் புட்டியில் ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு முறை அவளுக்கு மூச்சு இழுத்தபோது நான்தான் ஊற்றினேன். நீ அவளை நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டாய்.

மாதக் கூட்டத்துக்கு நான் திருமங்கலம் கிளம்பிய காலையில் வாசலில் வந்து நின்றாய்.

"டீச்சர், சாவிய வச்சுட்டுப் போங்க. செல்விக்கு நேத்தே இருமல் இருந்துச்சு."

"மருந்தைப் பூட்டித்தான் வைக்கணும். ரூல்ஸ் அப்படி" என்றேன்.

ரூல்ஸ் அப்படித்தான். ஆனால் காரணம் அது இல்லை. பால் பவுடர் டின்களும் சத்துமாவும் அதே அலமாரியில்தான் இருந்தன. உனக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். நீ உள்ளே போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ சொல்லியும் பிறர் சொல்லியும்தான் அறிந்தேன். நான் போய்க் கொஞ்ச நேரத்திலேயே செல்விக்கு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. உதடு கருத்திருக்கிறது. மற்ற பிள்ளைகளைச் சுவரோரமாக உட்காரவைத்துவிட்டு, அம்மிக் குழவியைத் தூக்கிவந்து மூன்று அடியில் பூட்டை உடைத்திருக்கிறாய். உள்ளே ஒரே மாதிரி இரண்டு பழுப்புப் புட்டிகள். ஒன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குடல்பூச்சி மருந்து. உனக்கு வாசிக்கத் தெரியாது. வாசனையை நம்பிக் கொடுத்திருக்கலாம். நீ அப்படிச் செய்யவில்லை. இடுப்பில் செல்வியும் கையில் இரண்டு புட்டியுமாக ரோட்டுக்கு ஓடி, கம்பெனிக்குச் சைக்கிளில் போன ஒருவரை மறித்தாய்.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க."

அவர் வாசித்தார். "மறுபடி வாசிங்க" என்றாயாம். அப்புறம்தான் அரை ஸ்பூன் ஊற்றினாய். செல்வியின் அம்மாவுக்குத் தகவல் சொல்லும்படி அவரையே அனுப்பிவைத்தாய்.

நான் பஸ் இறங்கி வந்தபோது மதியம் ஆகிவிட்டது. வாசலிலேயே உடைந்த பூட்டு கிடந்தது. செல்வி உன் தோளில் சாய்ந்திருந்தாள். நான் உங்கள் இருவரையும் தாண்டி நேராக அலமாரிக்குப் போனேன். பால் பவுடர் டின்களை எண்ணினேன்.

"அம்புட்டும் இருக்கு டீச்சர்" என்றாய் பின்னாலிருந்து. குரலில் கோபம்கூட இல்லை. "புள்ளைக்குத் திரும்பவும் இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

அதற்குள் அவள் அம்மாவும் வந்து சேர்ந்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு, மூவருமாகப் பஸ் பிடித்துத் திருமங்கலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்து கொடுத்து எவ்வளவு நேரமாகிறது என்று டாக்டர் கேட்டார். நீதான் சொன்னாய்.

"அப்ப வாசல் வெயிலு ரெண்டாவது கல்லுல இருந்துச்சு சார். மறந்துருமேன்னு கரியால கோடு போட்டு வச்சிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுக்கும் நேரத்தில் வெயில் அந்தக் கல்லில்தான் இருக்கும். பத்தரை மணி என்றேன். தலையாட்டிவிட்டு ஊசி போட்டார். சாயங்காலம் செல்வி ரொட்டி கேட்டாள். "அந்த அர ஸ்பூன் போனதுனாலதான் தாங்கியிருக்கு. இல்லேன்னா..." என்றார் டாக்டர் அவள் அம்மாவிடம். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் அம்மா வந்தார். "ஆயா மாவுக்குத்தான் பூட்ட ஒடச்சான்னு ஊருல பேச்சு. விளக்கம் எழுதிக் குடுங்க. வேற ஆளப் போட்டுருவோம்." நீ வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். முறத்தின் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவசர மருந்தை வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப்போனது என் தவறு. ஆயா பூட்டை உடைத்திராவிட்டால் குழந்தை பிழைத்திருக்காது. பொருள் எதுவும் குறையவில்லை. வாசித்துப் பார்த்துவிட்டு, "மெமோ ஒங்க பேருக்குத்தான் வரும்" என்றார். வந்தது. உன் வேலை நிலைத்தது.

அதன்பிறகு செல்வியின் மருந்தை அலமாரியில் வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், கதவுக்கு மேலே ஒரு பலகை அடித்தோம். "எழுத்து ஒங்களுக்கு டீச்சர். எனக்கு ஒரு அடையாளம் வேணும்" என்று நீதான் புட்டியின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டினாய். அலமாரிச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாய். நான் மாற்றலாகிப் போகும்வரை அது உன்னிடம்தான் இருந்தது.

உன் கடைசி மாதத்தில் உன்னைப் பார்க்க வந்தேனே, நினைவிருக்கும். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "அன்னைக்கு நான் வந்ததும் அலமாரிய..." என்று ஆரம்பித்தேன். நீ விடவில்லை. "செல்வி மகளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்காம். போய்ப் பாத்தீங்களா?" என்றாய். அவளைப் பற்றியே பேசவைத்து, காப்பி குடிக்கவைத்து அனுப்பிவிட்டாய். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாய்.

நான் எழுதிக்கொடுத்த விளக்கத்தில் சாவியைப் பற்றி எல்லாம் இருந்தது. டின்னை எண்ணியது அதில் இல்லை. அதை இங்கே எழுதிவிட்டேன். மூச்சுக்குத் தவித்த பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவளைத் தாண்டிப் போனேன். மன்னித்துக்கொள்.

அந்த நாளுக்குப் பிறகு எத்தனையோ பால்வாடிகளில் வேலை பார்த்துவிட்டேன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் பிள்ளைகளின் முகத்துக்குத்தான் போகும். அடுத்ததாக, அவர்களைத் தூக்கி வைத்திருப்பவளின் முகத்துக்கு.