உறவுமுறை: மச்சான்

மச்சான், இன்று காலை உன் மனைவி என் கடைக்கு வந்தாள். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நாலாக மடித்த ஒரு தாளைத் தையல் மெஷின் மேல் வைத்து, "அவரு பீரோல இருந்துச்சுண்ணா. உங்க பேரு போட்டிருக்கு, அதான்" என்றாள். பிரித்தேன். பாச்சா உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. நீ வேலை பார்த்த அணுமின் நிலையத்தின் குடும்ப நாளுக்குப் பாஸ் கேட்கும் விண்ணப்பம், தேதி சுனாமிக்கு முந்தின வருஷம். உன் கோணல் எழுத்தில் என் பெயர், என் மனைவி மும்தாஜ் பெயர், எங்கள் மகள் நிலோஃபர் பெயர். உறவுமுறை என்று போட்டிருந்த கட்டத்தில் 'மச்சான் குடும்பம்' என்று எழுதியிருந்தாய்.

எங்கள் சொந்தப் பெயர்களை எழுத உனக்குக் கை வந்ததே, அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு முந்தைய வருஷம் அந்தப் பெயர்கள் எங்கே போயின?

உங்கள் நிலையத்து பஸ் கேம்ப் ரோட்டில் என் சீட் கவர் கடைக்கு எதிரேதான் நிற்கும். ஷிப்ட் முடிந்து இறங்கினால் வீட்டுக்குப் போகுமுன் நீ என் கடை ஸ்டூலில் உட்காருவாய். டீ வரும்வரை அணு உலைக் கதைதான். முழுக்க நம்ம ஆளுங்களே கட்டினது, வெளிநாட்டுக்காரன் கை படாதது என்று நீ பேசுவதைக் கேட்டால், ஏதோ நீயே கொத்தனாராக நின்று கட்டிய மாதிரி இருக்கும். எட்டு வயது நிலோஃபர் உன் கதையை வாய் பிளந்து கேட்பாள். உள்ளே போய்ப் பார்க்கணும் என்று அவள் அரித்ததும் உன்னைத்தான், என்னை அல்ல.

சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்பு குடும்ப நாள் வந்தது. திருச்சியிலிருந்து வரவேண்டிய உன் தம்பி சேகர் கடைசி நேரத்தில் வரவில்லை. அவன் பெயரில் ஒரு பாஸ், அவன் மனைவி உமாவுக்கு ஒன்று, மகள் காயத்ரிக்கு ஒன்று. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று உனக்கு ஒரே குஷி. போட்டோகூட இல்லாத பாஸ்தானே, ஒரு நாள் நான் சேகராக இருந்தால் குறைந்தா போய்விடுவேன் என்று சிரித்தாய். நான் தயங்கினேன். அப்போது நீ சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன் மச்சான். நீ ஏன் டென்ஷன் ஆவுற?"

மும்தாஜ் பர்தாவை வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். பஸ் ஏறுமுன் உன் மனைவி சிரித்துக்கொண்டே அவள் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். கேளம்பாக்கம் தாண்டும் வரை நிலோஃபருக்கு நீதான் பாடம் நடத்தினாய். உன் பேர் என்ன? காயத்ரி. எந்த ஊர்? திருச்சி. அவள் ஒன்றுகூடத் தப்பு விடவில்லை. பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுக்கிறார்களே என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தத் தப்பு என்னுடையதுதான், உன் தலையில் கட்டமாட்டேன்.

வாசல் சோதனையில் தடை இல்லை. மாதிரி உலை வைத்திருந்த கூடத்தைச் சுற்றிவிட்டு வெளியே வந்தோம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அணு உலைகளின் இரண்டு பெரிய குவிமாடங்கள். நிலோஃபர் துள்ளிக் குதித்து என் கையை இழுத்தாள். "அத்தா, அத்தா, அங்க பாருங்க!"

முஸ்லிம் வீடுகளில் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவது; பேச்சு வந்த நாளிலிருந்து அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த நீயும் நானும் அதை மட்டும் மறந்துவிட்டோம். எங்கள் காதுக்கு அது அவ்வளவு பழக்கம். பக்கத்தில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்தார். என் பாஸை வாங்கிப் படித்தார். சேகர் என்றிருந்தது. குழந்தையிடம் குனிந்து பெயர் கேட்டார். காயத்ரி என்றாள். அப்பா பெயர் என்ன என்றார். அதை நீ சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை மச்சான், உன்னைப் பார்த்தாள். "மாமா, என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

காவலர் உன் பக்கம் திரும்பினார். இவர் உங்கள் தம்பியா என்றார். உன் முகம் வெளுத்துவிட்டது. "இல்ல சார். யாருன்னே தெரியாது. பஸ்ல பக்கத்துல ஒக்காந்தாங்க, அவ்ளோதான். எங்க பாஸ் இவங்க கைக்கு எப்படிப் போச்சுன்னு தெரியல." சொல்லிவிட்டு உன் மனைவி கையைப் பிடித்து நடந்துவிட்டாய். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நீ பார்க்கவில்லை.

வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரியாததா? என்னை நண்பன் என்று சொல்லி, தப்பு நடந்துபோச்சு சார் என்றிருந்தால் உனக்கு ஒரு மெமோ கிடைத்திருக்கும். நீ சொன்ன பதிலால், பொய்ப் பெயரில் அணு உலைக்குள் புகுந்த முஸ்லிம் ஆனேன் நான். அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று பேப்பர் படிக்கிற உனக்குத் தெரியும். ஒரு அறையில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனால் கேட்டதையே கேட்டார்கள். மும்தாஜ் பொட்டைப் பிய்த்து மேஜை விளிம்பில் ஒட்டினாள். யாரோ கொடுத்த பிஸ்கட்டை நிலோஃபர் கையிலேயே வைத்திருந்தாள், தின்னவில்லை. அப்புறம் இரண்டு மாதம் விசாரணைக்கென்று கடைக்கு ஆள் வந்தது. தெருவில் பேச்சு குறைந்தது.

நீ ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தாய். உன் ஸ்டூலைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

சுனாமி அன்று அந்தக் கடற்கரையில் தண்ணீர் புகுந்ததாக டிவியில் சொன்னதும், கடை ஷட்டரை இறக்கிவிட்டு நீ இறங்குகிற அந்த முந்தின ஸ்டாப்பில் போய் நின்றேன். மத்தியானம் முழுக்க நின்றேன். உன்னை நினைத்து துவா செய்தேன், உன்னைத் திட்டவும் செய்தேன். பொழுது சாயும்போது ஒரு பஸ் வந்தது. முழங்கால் வரை சேறோடு நீ இறங்கினாய். என்னைப் பார்த்து நின்றாய், வாயைத் திறந்தாய். உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்த அந்த நிமிஷமே எனக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது. நான் திரும்பி நடந்தேன். அதுதான் கடைசி.

இந்த விண்ணப்பத்தை அதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறாய். எங்களைச் சொந்தப் பெயரில் கூட்டிப்போக நினைத்திருக்கிறாய் என்று ஒரு கணம் நெஞ்சு இளகத்தான் செய்தது. பிறகு கடைசி வரிக்கு வந்தேன். மேற்கண்டவர்களுக்கு நான் பொறுப்பு என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. நீ கையெழுத்துப் போடவில்லை. மச்சான் என்று எழுத முடிந்த உனக்கு, பொறுப்பு என்ற இடத்தில் மறுபடியும் கை வரவில்லை. நான் ஒரே ஆளிடம் இரண்டு தடவை ஏமாந்தேன்.

மத்தியானம் நிலோஃபருக்குப் போன் செய்தேன். அவளுக்கு இப்போது கேளம்பாக்கத்துப் பக்கம்தான் வேலை, அதே ரோட்டில்தான் தினம் போய்வருகிறாள். நீ போய்விட்டதை அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். "மாமாவா?" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "அத்தா..." என்று ஏதோ சொல்ல வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பின்னால் ஆபீஸ் ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. குரலைச் சரிசெய்துகொண்டு, "நான் அப்புறம் பேசறேன், அப்பா" என்றாள். எட்டு வயதில் அந்த நாளிலிருந்து, வெளியாட்கள் காதில் விழும் இடத்தில் அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.