தட்டு 4-இல் விசிறி

செவ்வாய், 11
காலையிலிருந்தே மழை. கூலாயில் பஸ் தாமதம், லேபுக்குள் நனைந்த காலணியோடு.

பூஞ்சை வளர்க்கும் தட்டு 4-இல் ஏதோ தப்பு. என் பூஞ்சையில் ஒரு மரபணுவை எடுத்துவிட்டேன். பூஞ்சை வளர்வது நூல் நூலாக; அந்த நூலின் நுனிக்குச் சரக்கு மூட்டைகளைக் கொண்டுசேர்க்கும் புரதம் அது. சரக்கு போகாவிட்டால் நூல் நீளாது, கண்ட இடத்தில் கிளை விட்டுச் சட்டைப் பொத்தான் அளவில் நின்றுவிடும். இரண்டு வருடமாக அப்படித்தான். இன்று பொத்தானின் ஓரத்தில் விசிறி மாதிரி நீண்ட, நேரான நூல்கள்.

எடுத்த மரபணு தானாக முளைக்குமா? முளைக்காது. அப்படியென்றால் யாருடையதோ விழுந்திருக்கிறது.

எதிர் மேசை நசீர் பாய். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர். அவருடையது மரபணு எதுவும் எடுக்காத சாதாரணப் பூஞ்சை. மூடியைத் திறந்தால் பச்சை வித்துத்தூள் பறக்கும்.

புதன், 12
கவனித்தவை:
- மூடியை முழுதாகத் திறக்கிறார்
- ஃபேன் என் பக்கம்
- ஸ்பிரிட் பாட்டில் இடம் மாறியிருக்கிறது
- நான் வந்ததும் பாட்டை நிறுத்தினார்

ஹைக்ரோமைசின் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னுடையது அந்த மருந்தைத் தாங்கும், அவருடையது செத்துவிடும். ஸ்டாக் இல்லை. செவ்வாய்தான் வருமாம். அதுவரை யார் பொறுப்பது?

வியாழன், 13
பாய் மேசையை இரண்டு தடவை துடைத்தார். இத்தனை நாள் இல்லாத சுத்தம் இன்றைக்கு மட்டும் என்ன?

"என்ன பாய், திடீர்னு?"

"தே தாரே கொட்டிருச்சு லா. டாக்டர்கிட்ட சொல்லிராத மாலா."

லேபுக்குள் தேநீர். போதாதா? மதியம் எங்கள் ஆய்வு மேற்பார்வையாளரான டாக்டரிடம் தேநீர், திறந்த மூடி, விசிறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொன்னபோது நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன்.

திங்கள், 17
வெயில். டாக்டரின் உத்தரவு: பாயின் தட்டுகள் எல்லாம் ஆட்டோகிளேவில் அவித்து அழிக்க வேண்டும், புதிதாகத் தொடங்க வேண்டும். நாற்பத்தாறு தட்டு. நான்கு மாத வேலை. அடுத்த மாதம் அவர் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியது.

பாய் தானே பையில் போட்டுக் கட்டி இயந்திரத்தில் வைத்தார். வெந்த வாடை சாயங்காலம் வரை.

செவ்வாய், 18
மருந்து வந்தது. விசிறியிலிருந்து துளி எடுத்து மருந்து கலந்த தட்டில் வைத்தேன். சாகத்தான் போகிறது.

வெள்ளி, 21
சாகவில்லை.

தட்டு முழுக்க வளர்ந்திருக்கிறது. அது என்னுடையதேதான். வேறு ஏதோ மரபணு மாறி, சரக்கை நுனிக்கு அனுப்ப இன்னொரு வழி கண்டிருக்கிறது. இதற்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன்.

பாய் பக்கத்தில் வந்து நின்றார். போட்டுக்கொடுத்தது நான் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

"என் பூஞ்சை உன் தட்டக் கெடுத்துருச்சாம்ல. மன்னிச்சுக்க மாலா. இனிமே நான் அந்தக் கடைசி மேசைக்குப் போய்டுறேன்."

"சரி பாய்" என்றேன். மருந்துத் தட்டு என் கையில்தான் இருந்தது.