தண்ணீருக்கும் வேலைப்பளு

மார்ச் 3

பேராசிரியருக்கு இன்றும் தோள்வலி. உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேராக வந்து, அறைக்கதவைச் சாத்தி, எதையோ தேய்த்துக்கொண்டு, மேல் பொத்தான் திறந்தபடி வெளியே வந்தார். அறுபதை நெருங்குகிறவர், முப்பதின் நடை நடக்கிறார். ஆய்வு மாணவிகள் நாங்கள் வைத்த பெயர் சிங்கம். அது அவருக்குத் தெரியும். பிடிக்கவும் செய்யும்.

அவருடைய மாபெரும் கண்டுபிடிப்பு: குழந்தைப்பேறு தள்ளிப்போகிற பெண்களில், வேலைக்குப் போகிறவர்களின் எச்சிலில் ஆண் ஹார்மோன் எக்கச்சக்கம், வீட்டில் இருப்பவர்களுக்கு அளவோடு. ஆகவே வேலைப்பளு பெண்ணை ஆணாக்குகிறது. என் முனைவர் பட்டமும் இந்த வண்டியில்தான் தொற்றிக்கொண்டு போகிறது.

மார்ச் 9

அக்கா ரயில் ஓட்டுகிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. எங்கள் ஆய்வுக்கு எச்சில் கொடுத்திருந்தாள். இன்று சிங்கம் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "உங்க அளவு ஒரு வாலிபனோட அளவும்மா. முதல்ல அந்த ரயிலை விடுங்க."

அவள் மாமியார் உடனே அம்மாவுக்கு போன்: "நான் சொன்னப்ப யாரு கேட்டா? இப்ப விஞ்ஞானமே சொல்லிடுச்சு பாருங்க."

மாதக் கடைசியில் ராஜினாமா கொடுக்கப் போகிறாளாம். "எனக்கும் பதில் சொல்லிச் சொல்லிச் சலிச்சுப்போச்சுடி." இவளா? வேலை கிடைத்த அன்று வீட்டுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு திரிந்தவள்!

அத்தானைச் சோதித்தார்களா என்று கேட்டேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "ஆம்பளைகிட்டப் போய் அதெல்லாம் கேப்பாங்களாடி?"

மார்ச் 10

இத்தனை வருஷம் ஹார்மோன் படித்துத் தெரிந்துகொண்டது: அது பெண்களுக்கு மட்டும்தான் சுரக்கிறது.

மார்ச் 16

ஒவ்வொரு சோதனையிலும் வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்றையும் சேர்ப்போம். அதில் எதுவும் வரக்கூடாது. நேற்று மாலை அதன் மூடி எனக்குத் திறக்கவில்லை. சிங்கம் வாங்கி, "சாப்பிடறதே இல்லையா நீங்கல்லாம்?" என்றபடி விரலால் நெம்பித் திறந்து கொடுத்தார்.

இன்று முடிவு வந்தது. தண்ணீரில் ஆண் ஹார்மோன். எனக்கு இருப்பதைவிட அதிகம். பாவம், அதற்கு என்ன வேலைப்பளுவோ.

மார்ச் 17

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

வீட்டில் இருக்கும் பெண்கள் காலையில் வருகிறார்கள். நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு குழாயைக் கொடுக்கிறார். வேலைக்குப் போகிறவர்களால் மாலையில்தான் வர முடியும். அப்போது நர்ஸ் கிடையாது. சிங்கமே மூடியைத் திறந்து, "துப்புங்கம்மா" என்று நீட்டுவார். எளிமையான மனிதர் அல்லவா.

தோள்வலி!

அவர் அறைக் குப்பைக்கூடையில் கசங்கிய உறை ஒன்று கிடந்தது. ஆண் ஹார்மோன் களிம்பு. பின்பக்கம் கொட்டை எழுத்தில்: தடவியதும் கையைக் கழுவவும், பெண்கள்மீது படக்கூடாது. ஹார்மோனைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியவர், அந்த உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 20

சொன்னால் என் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டார். சொல்லாவிட்டால் அக்கா வேலையை விடுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறதே — மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேனே. வெட்கங்கெட்டவள்.

மார்ச் 23

சிங்கம் வெளியூரில் கருத்தரங்கு. நர்ஸைக் கெஞ்சி மாலையிலும் இருக்க வைத்தேன். அக்காவும் இன்னும் சில மாலைப் பெண்களும் வந்து மறுபடி துப்பினார்கள். "எத்தனை தடவைதான் துப்புறது? எதிர்ல ஆளாவது நிறுத்துங்க" என்றார் ஒரு அம்மா.

மார்ச் 26

எல்லாருக்கும் அளவோடு இருக்கிறது. அக்காவுக்கும்தான்.

முடிவைச் சிங்கத்தின் மேசையில் வைத்தேன்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"தண்ணி காட்டிக்குடுத்துடுச்சு சார்." களிம்பு உறையையும் பக்கத்தில் வைத்தேன்.

உறையை ஓரமாகத் தள்ளினார். "அது வெறும் தோள்வலி மருந்தும்மா."

"அப்ப மருந்துக்கடைக்காரர் உங்கள ஏமாத்திட்டார் சார்."

கதவைச் சாத்தச் சொன்னார். வெளியே வந்து சாத்தினேன்.

மார்ச் 27

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அழுதாள். "அந்தாளோட களிம்புக்கா நான் ரயிலை விடப் பார்த்தேன்?"

மே 11

கட்டுரை வெளிவந்துவிட்டது, ஆனால் வேறு கட்டுரை. எச்சில் சேகரிப்பில் கலப்படத்தைத் தவிர்ப்பது எப்படி என்று. எழுதியவர்: சிங்கம். கலப்படத்துக்குக் காரணம் "சூழல்" என்று போட்டிருக்கிறார். தன் வலது கையை இவ்வளவு அடக்கமாக யாரும் அழைத்ததில்லை. என் பெயர் நன்றியுரையில், குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்தவருக்கு அடுத்து.

எனக்குக் கையெழுத்து கிடைக்கவில்லை. வேறு வழிகாட்டி, வேறு தலைப்பு, முதலிலிருந்து.

ஜூன் 6

அத்தான் இன்று பரிசோதனைக்குப் போனார். மாமியார் தலைவலி என்று அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாராம். அக்கா அத்தானிடம் டப்பாவைக் கொடுத்து, "நீங்களே திறங்க. எந்தப் பேராசிரியர் உதவிக்கு வந்தாலும் வேணாம்னுடுங்க" என்றிருக்கிறாள்.

கூடப் போகவில்லையா என்று கேட்டேன்.

"எனக்கு வண்டி இருக்குடி."