துளைக்கு ஒரு பொத்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மாப்பிள்ளை, வாண்டு, நான் மூவரும் சௌக்கியம், என் முட்டிவலியும் ஒரு குறையுமில்லாமல் சௌக்கியமாகவே இருக்கிறது. உன் உடம்பு எப்படி என்று மறைக்காமல் எழுது. வாண்டை இன்னொரு வருஷம் அதே வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு என்னுடையது, அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கிறாளே, என் பேத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏழு பாசிமணிகளைத் தள்ளித் தள்ளியும் ஒன்பதை நெருக்கியும் இரண்டு வரிசை வைத்து, எது அதிகம் என்று அவளைக் கேட்டார். அவள் ஏழைக் காட்டினாள். ஏன் என்று கேட்டால், "நீளமா இருந்தா அதிகம், தாத்தா சொன்னாரு" என்கிறாள். முப்பது வருஷம் பணிமனை ஸ்டோரில் போல்ட்டுகளை இடைவெளி விடாமல் தட்டில் அடுக்கி, வரிசை நீளத்தைப் பார்த்தே இருப்பு சொன்னவன் நான், அந்த வித்தையைக் குழந்தை தலையிலும் கட்டிவிட்டேன். மாதக் கடைசியில் மறுபடி பார்ப்பேன், அப்போதும் இப்படியென்றால் இதே வகுப்புதான் என்றார் டீச்சர்.

தையல்காரருக்கா பெண் கொடுப்பது என்று நான் ஒரு காலத்தில் குதித்தது உனக்கு மறந்திருக்காது. மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்த சட்டையை மேஜையில் விரித்து, ஒரு கை பொத்தானை அவள் முன்னால் கொட்டி, துளைக்கு ஒன்றாக வைக்கச் சொன்னார். எண்ணவே சொல்லவில்லை, எது மிச்சம் என்று மட்டும் கேட்டார். பொத்தான் மிஞ்சினால் பொத்தான் அதிகம், துளை மிஞ்சினால் துளை அதிகம். அது பிடிபட்ட பிறகுதான் மிஞ்சியதை மட்டும் எண்ண வைத்தார். தைக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கும்போதும் தினமும் அரைமணி நேரம், அவள் ஒரே துளையில் இரண்டை வைத்தாலும் கையைத் தட்டிவிடாமல், அவளே பார்த்து எடுக்கும்வரை காத்திருப்பார். அந்தப் பொறுமையில் பாதி எனக்கு இருந்திருந்தால் கணக்குக்காக உன்னை அத்தனை தடவை திட்டியிருக்க மாட்டேன். மனசாரச் சொல்கிறேன், நீ சரியான ஆளைத்தான் கட்டியிருக்கிறாய்.

நேற்று டீச்சர் அதே மணிகளை வைத்தாராம். இவள் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இழுத்து வைத்து, இதில் இரண்டு மிச்சம், இதுதான் அதிகம் என்றிருக்கிறாள். அடுத்த வகுப்பு உறுதியாகிவிட்டது, இனி நீ நிம்மதியாக இரு. வீட்டுக்கு வந்தும் அவளுக்கு அந்தப் பித்து அடங்கவில்லை. வாசலில் செருப்புகளை வரிசையாக வைத்து, ஆளுக்கொரு ஜோடிக்கு முன்னால் எங்களை நிறுத்தித் தானும் நின்றாள். உன் பழைய செருப்பு மிஞ்சியது. ஒரு ஜோடி அதிகம் என்று சொல்லப்போகிறாள் என்று பார்த்தால், "ஆள் ஒண்ணு குறையுது" என்றாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார், நானும்தான்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வேளைக்குச் சாப்பிடு. லீவு கிடைத்ததும் டிக்கெட் போட மறக்காதே. நீ எல்லா நலமும் பெற்று நன்றாக இருக்க வேண்டும். உன் செருப்பை உள்ளே எடுத்து வைக்கப் போனேன், வாண்டு விடவில்லை, அது வாசலிலேயே இருக்கிறது.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா