மூன்றாவது வரிசைச் சிரிப்பு

கண்ணு, எப்படி இருக்கிறாய்? குளிர் எலும்பு வரைக்கும் இறங்குகிறது என்று சொன்னாயே, இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறதா, காலுக்கு உறை போடாமல் வெறும் தரையில் நடக்கிற புத்தியை விட்டாயா? இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால், எனக்குப் பல். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று. அந்தப் பல் டாக்டர், நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது, உங்க மகன் காமெடின்னா எங்க வீட்டுல எல்லாருக்கும் உயிர் சார் என்று ஆரம்பித்தார், சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவர்போல் வாயை மூடிக்கொண்டார். திறந்திருந்தது என் வாய்தான், அதில் கையை வைத்திருந்தவர் அவர், என்னத்தைப் பதில் சொல்ல. இப்போது எல்லாருமே இப்படித்தான், உன் அண்ணனைப் பற்றிப் பாதிப் பேச்சு பேசிவிட்டு மீதியை விழுங்கிவிடுகிறார்கள். கொல்லைக் குழாய் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டேன், அவன் வந்து அதை அடைத்தான், மறுநாள் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அதைச் சொல்ல வந்தவனில்லை நான், சொல்ல வந்ததைச் சொல்லக் கை வராமல்தான் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனுடைய போன மாத நிகழ்ச்சி வீடியோவைப் பார்த்துவிட்டு நீ அம்மாவுக்கு அனுப்பின ஒரே வரியை அவள் எனக்குக் காட்டினாள். அந்த வீடியோல மொதல்ல சிரிக்கிறது அப்பாவா என்று கேட்டிருந்தாய். அதற்கப்புறம் நீ போன் பண்ணவில்லை, நாங்கள் பண்ணினாலும் எடுக்கவில்லை. அம்மா சொன்னாள், சிரிப்புச் சத்தம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும், நீங்க இல்லைன்னு சொல்லிடுங்க, அவ தூரத்துல இருந்து என்ன கண்டா என்று. சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்று. வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, ஒரு செருமல் செருமி, அப்புறம் குடம் கவிழ்ந்த மாதிரி கொட்டுகிற சிரிப்பு இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? நான்தான் கண்ணு.

ஏன் சிரித்தேன் என்று நீ கேட்பாய். அது எப்படி ஒரு வேலையாகவே ஆனது என்பது உனக்கு முழுசாகத் தெரியாது, நீ அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அண்ணன் முதல்முதலில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேடை ஏறினான். என்னென்னவோ சொல்கிறான், ஒருத்தரும் அசையவில்லை, பிணம் கிடக்கிற வீடு தேவலை. அந்த நேரம் பார்த்து எனக்கு முன்னால் இருந்த ஒரு குண்டு மனிதருடைய நாற்காலிக் கால் மடங்கி, அவர் மடியில் இருந்த தொப்பியோடு சேர்ந்து மெதுவாகச் சரிந்தார். விழுந்தவர் எழுந்திருக்காமல், யாரும் பார்க்காத மாதிரி தரையில் உட்கார்ந்தே மேடையைப் பார்த்தார். என்னால் அடக்க முடியவில்லை. நான் சிரித்ததைக் கேட்டுப் பக்கத்து வரிசை சிரித்தது, அதைக் கேட்டு ஹாலே சிரித்தது. அவன் தன் ஜோக்குக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். நானும் சொல்லவில்லை, பிள்ளை முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. அன்றிலிருந்து எந்த ஹாலாக இருந்தாலும் மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி எனக்கு. முன்வரிசையில் உட்காரக்கூடாது, ஆள் யாரென்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அவன் ஜோக்கைச் சொல்லி முடித்து மைக்கின் கழுத்தை ஒரு திருகு திருகுவான். திருகினால் நான் சிரிக்க வேண்டும். நாளாக நாளாக அவன் என்ன சொல்கிறான் என்று நான் கேட்பதே இல்லை, கையை மட்டும்தான் பார்ப்பேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அவனுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்த உன் சிநேகிதி வாலு, நீ சொல்லித்தான் அந்த வேலைக்குச் சேர்ந்த பிள்ளை, மேக்கப் அறையில் அவன் தன்மேல் கை வைத்தான், வேண்டாம் என்று சொன்ன பிறகும் கதவைத் தாழ் போட்டான் என்று வெளியே சொன்னாள். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண்ணும் எனக்கும் அப்படித்தான் என்றாள். நீ அன்றைக்கே, வாலு பொய் சொல்ல மாட்டாப்பா என்று சொன்னாய். நான், விசாரிக்கட்டும் பாப்போம் என்று வழவழவென்று ஏதோ சொல்லி வைத்தேன். நிகழ்ச்சிகள் எல்லாம் ரத்து. நடிக்க ஒப்புக்கொண்டிருந்த படத்தில் இவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டார்கள். கடைவீதி முனையில் இவன் சிரித்துக்கொண்டு நின்ற பெயிண்ட் விளம்பரத்தை, அந்தக் கம்பெனி பெயிண்டாலேயே அடித்து மறைத்தார்கள். ஒரு தடவை அடித்ததில் மூக்கு மறையவில்லை, மறுபடியும் ஏணி போட்டார்கள். அவன் வீட்டுக்குள்ளேயே கிடந்தான், தாடி வளர்ந்தது, அம்மா தட்டைக் கொண்டுபோய் வைப்பாள், தொடாமல் திரும்பி வரும். அதைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

போன மாதம் ஒரு சின்ன ஹாலில் மறுபடி மேடை கிடைத்தது. அப்பா, நீங்க வந்து உக்காந்தா போதும், மிச்சத்த நான் பாத்துக்கிறேன் என்றான். போனேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் மேடைக்கு வந்து நின்று, இப்பல்லாம் நானே பவுடர் போட்டுக்கிறேங்க, பக்கத்துல கண்ணாடி மட்டும்தான், அது ஒண்ணுதான் இன்னும் என்மேல புகார் குடுக்கல என்றான். ஹால் அப்படியே உறைந்துபோனது. சிரிக்கலாமா கூடாதா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். அவன் மைக்கைத் திருகினான். நான் சிரித்தேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆயிற்று. என் சிரிப்பு முடிவதற்குள் அவன் சொன்னது என் காதில் ஏறியது, ஆனால் அதற்குள் பின்னால் நூறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அது செத்திருக்கும். எனக்குத் தெரியும், அதுதானே என் வேலை.

உன் வரியைப் பார்த்த பிறகு வாலுவைத் தேடிக்கொண்டு போனேன். கடைவீதியில் ஒரு பார்லரில் இருக்கிறாள். யாரோ ஒரு அம்மாவுக்கு முடியில் சாயம் தடவிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் கை நின்றது, அப்புறம், வாங்கப்பா, உக்காருங்க என்றாள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் திட்டவில்லை. அந்த அம்மாவை எழுப்பித் தலை அலச அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். அந்த மேக்கப் ரூமுக்குள்ள இருக்கும்போது வெளியில உங்க சிரிப்பு கேக்கும்ப்பா, நம்ம வீட்டு மனுஷர் பக்கத்துலதான இருக்காரு, நமக்கு என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சுக்குவேன், அதான் அத்தன நாள் அந்த வேலையில இருந்தேன் என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை கண்ணு. மன்னிச்சிரும்மா என்றேன். அதுக்கு நான் என்னப்பா சொல்றது என்றாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, அழுதாளா, நடிச்சாளா என்று கேட்டாள், அப்படிக் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் பெரிய ஹாலில் நிகழ்ச்சி. அந்தக் கண்ணாடி ஜோக்குத்தான் ஆரம்பமே, அதைக் கேட்கத்தான் டிக்கெட் விற்றிருக்கிறது. காலையிலேயே ஹாலுக்குக் கிளம்பிப் போனவனுக்குப் போன் பண்ணி, நான் வரலடா, இனிமே என்னால சிரிக்க முடியாது என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான், டைமிங் பிரமாதம்ப்பா, இத மேடையில வச்சுக்கிறேன் என்றான். வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். அம்மா என் நீலச் சட்டையைத் தேய்த்துக் கட்டிலில் விரித்திருக்கிறாள். அது அப்படியே கிடக்கிறது. பெத்த பிள்ளைய நடுமேடையில விட்டுட்டு வீட்டுல உக்காந்திருப்பீங்களா என்கிறாள், அவள் கேட்பதும் சுருக்கென்றுதான் தைக்கிறது.

நீ என்னோடு பேச வேண்டும் என்று இதை எழுதவில்லை. கேட்ட கேள்விக்கு அப்பா ஆமாம் என்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான். எனக்குப் போன் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை, வாலுவுக்கு மறக்காமல் பண்ணு, அவள் உன்னைத்தான் கேட்டாள். மாத்திரையை நேரத்துக்குப் போடு, உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நெஞ்சு நிமிர்ந்து நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம்.

உன் அப்பா.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், வாசலில் ஹாரன் அடிக்கிறது. டிரைவர்தான் என்று எட்டிப் பார்த்தால் அண்ணனே வந்திருக்கிறான். அப்பா, லேட்டாச்சு, சட்டை மாத்தலியா என்று கூப்பிடுகிறான். போய் வண்டி பக்கத்தில் நின்று, வாலு சொன்னதை அவள் சொன்ன மாதிரியே அவனிடம் சொல்லப்போகிறேன். இதற்கும் சிரிப்பானோ என்னமோ. சிரித்தால் இந்தத் தடவை அவன் தனியாகத்தான் சிரிக்க வேண்டும். நீலச் சட்டை கட்டிலிலேயே கிடக்கட்டும், இதோ வரேன்டா என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.