புரோமோ மலையடியில் கழற்றிய சப்பாத்து

அன்பான அக்கா,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, நேற்று உங்கள் மகள் வந்து உங்கள் பழைய நீலப் பயண ஏட்டைத் தந்துவிட்டுப் போனாள். ஜெர்மனி அகதிகளுக்குக் கொடுக்கும் அந்த ஏடுதான். விரித்தேன். நடுப் பக்க மடிப்பிலிருந்து கறுப்பு மணல் மேசையில் கொட்டியது. ஒரு சிட்டிகைகூட இருக்காது.

வுப்பர்டாலில் ஒரு பயண முகவர் அலுவலகத்தை நாம் இருவரும் காலையில் கூட்டித் துடைத்தோமே, அதன் சுவரில் கிழக்கு ஜாவாவின் படம் ஒன்று தொங்கியது. கடல்போல மணல்வெளி, நடுவே புகையும் புரோமோ மலை, அடியில் ஒரு இந்துக் கோயில். "வாசி பிள்ளை" என்று விளம்பரப் புத்தகத்தை நீட்டுவீர்கள். இரவில் நீல நெருப்பு எரியும் இஜென் கந்தகக் குழி, மழைபோலச் சொட்டும் அருவி, எரிமலை வாய்க்குள் காய்கறியும் கோழியும் எறிந்து கும்பிடும் மலைச்சனம் என்று ஜெர்மனில் வாசித்துத் தமிழில் சொல்வேன். கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைப் பிடித்தபடி கேட்டிருப்பீர்கள்.

"ஒருக்கா போகவேணும். தப்பி ஓடுறதுக்கு இல்லாமல், சும்மா பாக்கிறதுக்கு எண்டு ஒரு இடத்துக்குப் போகவேணும்" என்றீர்கள்.

ஜெர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் முடிந்து, கொடிகள் இன்னும் யன்னல்களில் தொங்கிய கோடையில் போனோம். என்னிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு, உங்களிடம் நீல ஏடு.

விடிகிற நேரம் மேட்டில் நின்று பார்த்தோம். பனிமூட்டத்துக்குள்ளிருந்து மலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. பிறகு ஜீப்பில் மணல்வெளிக்கு இறங்கினோம். பூ விற்ற பெண்ணிடம் இரண்டு பூங்கொத்து வாங்கினீர்கள். ஒன்று எரிமலைக்கு, மற்றது திரும்பிவரும்போது கோயிலுக்கு. கோயில் மதிலடியில் சப்பாத்தைக் கழற்றினீர்கள்.

"அக்கா, மேல வெறுங்காலோட ஏலாது."

"சாமி இருக்கிற மலையில சப்பாத்தோட ஏறுறதே? உனக்கென்ன விசரே?"

இரண்டாவது பூங்கொத்தைக் காற்று கொண்டுபோகாமல் சப்பாத்துக்குள் செருகிவிட்டு ஏறினீர்கள். எரிமலை வாயோரத்தில் பிள்ளையார் சிலையைக் கண்டதும், "இவர் எங்களுக்கு முந்தி வந்திட்டார், பார்" என்று சிரித்தீர்கள். கந்தகப் புகையில் எனக்கு மூச்சு முட்டியது.

இறங்கி வந்தால் மதிலடியில் சப்பாத்து இல்லை. ஒரு சப்பாத்துக்கு ஏன் உங்கள் முகம் இப்படி வெளிறுகிறது என்று நினைத்தேன். "பிள்ளை, ஏடு அதுக்குள்ள" என்றீர்கள்.

சப்பாத்துக்குள் பாதத்தடியில் கிடக்கும் உள்தகட்டுக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். நாட்டைவிட்டு வந்தபோது, களவாக எல்லை கடத்திவிட்ட ஏஜென்சிக்காரன் பழக்கிய பழக்கம். அதற்கென்றே ஒரு அளவு பெரிய சப்பாத்து வாங்குவீர்களாம். கோயிலடியில் யார் தொடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டு ஏறினீர்களாம். மறுநாள் மத்தியானம் விமானம். அந்த ஏடு இல்லாமல் உங்களை யார் ஏற்றுவார்கள்? வீட்டில் மகள் காத்திருந்தாள்.

எனக்குப் பயத்தில் கோபம் வந்தது. "உங்கட பக்திக்கு நான் இஞ்ச நிக்க ஏலாது. நான் போறன்" என்றேன். போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜீப்பை நோக்கி நடந்தேன். எனக்கும் ஒரு ஏஜென்சிக்காரன் இருந்தான், அக்கா. ஒருவர் மாட்டுப்பட்டால் திரும்பிப் பாராதே, நடந்துகொண்டே இரு என்று எல்லையோரக் காட்டில் பழக்கியவன். உங்கள் கை பழக்கத்தில் ஏட்டைச் சப்பாத்துக்குள் ஒளித்ததுபோல, என் கால் பழக்கத்தில் நடந்தது.

நடந்தபடி நிமிர்ந்தபோது, எதிரே பூக்காரி உங்கள் சப்பாத்தைக் கையில் தூக்கியபடி வந்துகொண்டிருந்தாள்! நான்தான் கத்தினேன். ஜீப் சாரதி வந்து அவளிடம் கேட்டுச் சொன்னான்: மலைக்கு வைத்த காணிக்கையை யாரும் எடுக்கலாம், அது இங்கே வழக்கம், பூ வைத்திருந்ததால் எடுத்தாளாம். அவளுக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. நீங்கள் ஓடிவந்து அவள் காலடியில் குந்தி, உள்தகட்டைத் தூக்கி ஏட்டை எடுத்தீர்கள். மணலும் சேர்ந்து வந்தது. பிறகு சப்பாத்தை அவளுக்கே போட்டுக் கயிற்றையும் கட்டிவிட்டீர்கள்.

"மலைக்குக் குடுத்ததாவே இருக்கட்டும்" என்றீர்கள். வீடுவரை ரப்பர் செருப்போடு வந்தீர்கள். அதற்குப் பிறகு அந்த ஏடு உங்கள் வீட்டுச் சாமித்தட்டில், எல்லாரும் பார்க்கத்தக்கதாக இருந்தது.

உங்களை விட்டுவிட்டு நான் நடந்ததைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் கவனிக்கவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு உங்கள் வீட்டில் எத்தனை தரம் சாப்பிட்டிருப்பேன்.

நேற்று ஏட்டைத் தந்தபோது மகள் சொன்னாள்: "அன்ரி, இது உங்களிட்டத்தான் இருக்கவேணும் எண்டு அம்மா சொன்னவ. அண்டைக்கு அவ நடுங்கிக்கொண்டு நிக்க, நீங்கள்தானாம் முதல் ஆளாத் தேடிப் போனது."

நான் "ஓம்" என்று தலையாட்டினேன்.

மணலை மறுபடி அந்த மடிப்புக்குள்ளேயே கூட்டி வைத்திருக்கிறேன். உங்களிடமாவது சொல்லவேண்டும். நான் தேடிப் போகவில்லை, அக்கா.